இங்கினியாகலைக்கு இரண்டு சம்பந்திமார்

என் மருமகளுக்குக் கொப்பளிப்பான் அம்மை போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை அவளும் என் மகனும் இங்கினியாகலைக்குப் புறப்படுவதாக இருந்தது. கல்யாணம் முடிந்து எட்டு மாதமாகியும் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கவில்லை. கிடைத்த முதல் லீவுக்காகக் காட்டோரத்து விடுதியில் ஓர் அறையும், குளத்துக்குள் கூட்டிப்போகும் படகும் மூன்று மாதத்துக்கு முன்பே பதிந்து வைத்திருந்தார்கள். அந்தக் குளத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகும் என்று மருமகள்தான் எனக்கு முதலில் சொன்னாள். நான் நம்பவில்லை. யானை குளிக்கும், நீந்துமா என்று கேட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் மகன் போன் எடுத்தான்.

"அம்மா, புக்கிங் மாத்தேலாதாம். நீங்களும் மாமியும் போட்டு வாங்கோவன்."

"ஆர், நானும் உன்ர மாமியுமோ?"

"ஏன், கார் இருக்கு. நீங்கள் ஓடுவீங்கள்தானே."

ஓடுவேன்தான். இருபது வருடமாக ஒரு சின்னச் சிவப்புக் கார் வைத்திருக்கிறேன். ஆனால் என்னுடைய உலகம் தெற்கே கல்கிசையோடும் வடக்கே கொட்டாஞ்சேனையோடும் முடிந்துவிடும். வெள்ளவத்தையிலிருந்து பல் வைத்தியரின் கிளினிக்குக்குப் போவேன். அங்கே வரவேற்பு மேசையில் வேலை. சனிக்கிழமையில் சந்தைக்குப் போவேன். நான்காவது கியரில் ஐந்து நிமிடம் தொடர்ந்து ஓடிய ஞாபகம் எனக்கு இல்லை.

சம்பந்தியம்மாவுடன் தனியாகப் போவது அதைவிடப் பெரிய விஷயம். அவர்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம். பிள்ளைகள் தாங்களாகவே விரும்பி வந்து சொன்னபோது நாங்கள் இரண்டு வீட்டாரும் தடுக்கவில்லை. கோயிலிலும் தேவாலயத்திலும் கல்யாணம் நடந்தது. சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் ஒட்டுதலும் இல்லை. கிறிஸ்மஸுக்கு அவர் கேக் அனுப்பினார், பொங்கலுக்கு நான் பொங்கல் அனுப்பினேன். என்னை அவர் 'மகன்ட அம்மா' என்பார். நான் அவரை எந்தப் பெயராலும் கூப்பிடாமல் எட்டு மாதத்தைக் கடத்தியிருந்தேன்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தக் காட்டுக்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்ற அந்த எண்ணமே எனக்குத் திடீரென்று இனித்தது. எவருடைய வீட்டுக்கும் போகவேண்டியதில்லை, எவருடைய பிள்ளைக்கும் பிஸ்கட் வாங்கவேண்டியதில்லை. நான் எழும்பிப் போய்ச் சம்பந்தியம்மாவுக்குப் போன் எடுத்தேன். நான் வாய் திறப்பதற்கு முதலே அவர், "மகள் சொன்னா. எத்தனை மணிக்கு வெளிக்கிடணும்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கொட்டாஞ்சேனையில் அவர்கள் ஒழுங்கைக்கு முன்னால் காரை நிறுத்தினேன். அவருடைய கணவர், துறைமுகத்தில் வேலை செய்கிறவர், ஒரு பெரிய ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அதைப் பின் சீற்றில் ஏற்றியபோது பின்கண்ணாடி முழுவதும் மறைந்துவிட்டது. இரண்டு நாளுக்கு இவ்வளவு சாப்பாடா என்று கேட்க நினைத்தேன். மரியாதைக்காகக் கேட்கவில்லை. சம்பந்தியம்மா வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தும் மகளுடைய தொப்பியும் போட்டிருந்தார். அதுவரை அவரைச் சேலையில் மட்டுமே பார்த்திருந்தேன்.

களனிப் பாலத்தைத் தாண்டிக் கண்டி வீதியில் ஏறியபோது விடிந்தது. கேகாலைக்குக் கிட்ட ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். அவர் பெட்டியைத் திறந்து ஒரு பார்சலைத் தனியாக எடுத்து என்னிடம் தந்தார்.

"இது உங்களுக்கு. சீனிச் சம்பல் பாண். மீன் கட்லட் மற்றப் பக்கத்தில வச்சிருக்கிறன், ஒண்டோடொண்டு முட்டாது. இண்டைக்கு வெள்ளிதானே."

நான் வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பாண் நன்றாக இருந்தது. நான்கு துண்டு சாப்பிட்டேன்.

கண்டிக்கு அப்பால் மஹியங்கனைக்கு இறங்கும் மலைப்பாதையில் பதினெட்டு வளைவு என்று ஓரிடம் இருக்கிறது. பாதை கொண்டை ஊசிபோல மடங்கி மடங்கி மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும். முதல் வளைவில் என் உள்ளங்கை வியர்த்தது. நான்காவது வளைவில் எதிரே வந்த லொறிக்காரன் கையைக் காட்டி எனக்கு வழி விட்டான். ஏழாவதில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டாவது கியரில் மெதுவாக உள்ளே விட்டு, திரும்பும்போது அக்சிலேற்றரைச் சற்றே அமத்தினால் கார் தானாகச் சுழன்று வந்தது. கீழே வயல்களும் ஆறும் ஒவ்வொரு திருப்பத்திலும் இடம் மாறி மாறித் தெரிந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் சம்பந்தியம்மா ஒரு கையில் செபமாலையும் மறு கையில் கதவின் பிடியுமாக இருந்தவர், கடைசி வளைவு முடிந்ததும், "முடிஞ்சுதா? இவ்வளவுதானா?" என்று கேட்டார். அவருக்கும் போதவில்லை.

பிபிலையில் சோறு சாப்பிட்டோம். அங்கே இரண்டு வழி இருந்தது. மொனராகலைப் பக்கம் சுற்றிப் போனால் நல்ல தார் வீதி. நில்கல காட்டுக்குள்ளால் போனால் தூரம் குறைவு, ஆனால் வழி மோசம். மகன் தார் வீதியால்தான் போகச் சொல்லியிருந்தான். சாப்பாட்டுக் கடைக்காரரிடம் சம்பந்தியம்மா சிங்களத்தில் விசாரித்தார். எனக்குச் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது. அவருக்கு அது இரண்டாவது தாய்மொழி.

"மழை இல்லாதபடியா சின்னக் காரும் போகுமாம். மூண்டு மணிக்குப் பிறகு காட்டுக்குள்ள நிக்க வேணாமாம். காடு வடிவா இருக்குமாம்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்று இருபது.

"அப்ப கெதியா எழும்புங்கோ," என்றேன்.

காடு என்றால் இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நில்கல அப்படியில்லை. ஆளுயரத்துக்கு மேல் மஞ்சளாகக் காய்ந்த புல், அதற்கு நடுவே தள்ளித் தள்ளி நெல்லியும் கடுக்காயும் தான்றியும். மருந்துக்கடைப் போத்தலில் மட்டும் பார்த்தவை மரமாக நின்றன. ஆள் இல்லை, வீடு இல்லை, மின்கம்பி இல்லை. போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றும் இல்லாமல் போனது. வன அலுவலகச் சாவடியில் ஒரு காவலர் எங்கள் இருவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு யாரும் இல்லையா என்று கேட்டார். பிறகு மூன்று விஷயம் சொன்னார்: யானையைக் கண்டால் ஹோன் அடிக்கக்கூடாது, இறங்கக்கூடாது, அது வந்தால் அதற்கு வழி விடவேண்டும்.

அங்கிருந்து ஐந்தாறு கிலோமீற்றர் போயிருப்போம். பாதை கிரவல் பாதையாகி, ஒரு கார் மட்டும் போகும் அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது. ஒரு வளைவில் திரும்பினேன். நடுவீதியில் அது நின்றது.

ஒற்றை ஆண் யானை. எங்களுக்கும் அதற்கும் இடையில் ஐம்பது அறுபது மீற்றர் இருக்கலாம். குறுக்காக நின்று, புல்லைப் பிடுங்கி முன்னங்காலில் அடித்து மண்ணை உதறி, ஆறுதலாகத் தின்றது. எங்களைப் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. நான் காரை நிறுத்தினேன். என்ஜினை நிற்பாட்டவில்லை.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. அப்போது சம்பந்தியம்மா, யானையிலிருந்து கண்ணை எடுக்காமல், மிக மெதுவாகக் கேட்டார்.

"மகன்ட அம்மா, ஒரு விஷயம் கேக்கட்டா? கோவிக்க வேணாம்."

"கேளுங்கோ."

"ரிசப்ஷனில கேக் வெட்டக்குள்ள உங்கட ஆக்கள் எல்லாரும் ஏன் எழும்பிப் போனாங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு நினைவு வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் சொந்தக்காரர் நாற்பது பேர் ஒரேயடியாக எழும்பிப் போனது உண்மைதான்.

"ஐயோ, அது பஸ்காரனாலை. ஒம்பது மணிக்கு மேலை ஒரு நிமிசமும் நிக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டான். விடிய யாழ்ப்பாணம் போய்ச் சேரவேணுமெண்டு எல்லாரும் ஓடினவை. சின்னம்மா சாப்பிடக்கூட இல்லை."

"பஸ்ஸா?"

"பஸ்தான். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "நான் நினைச்சன், நாங்க வைன் ஊத்தினது உங்கட ஆக்களுக்குப் பிடிக்கல்ல எண்டு. எட்டு மாசமா அதைத்தான் நினைச்சிட்டிருந்தன். இவர்கிட்டயும் சொன்னன், வைன் வேணாம் வேணாம் எண்டு தலையால அடிச்சனே எண்டு."

"எங்கடை சித்தப்பா ரெண்டு கிளாஸ் குடிச்சவர்," என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சத்தத்துக்கோ என்னவோ, யானை தின்பதை நிறுத்தித் தலையைத் திருப்பியது. காதுகள் இரண்டும் விரிந்தன. பிறகு எங்களை நோக்கி நடக்கத் தொடங்கியது. ஓடவில்லை, கோபமும் இல்லை. அதற்கு இந்த வழியால் போகவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"பின்னுக்கு எடுங்க," என்றார் சம்பந்தியம்மா.

பின்கண்ணாடியில் ஐஸ் பெட்டிதான் தெரிந்தது. பக்கக் கண்ணாடியில் புல் மட்டும். எனக்கு எப்போதுமே பின்னால் எடுப்பது வராது. வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக் காவலாளிதான் என் காரைத் தரிப்பிடத்தில் விடுவார். ரிவேர்ஸ் கியரைப் போட்டேன்.

"எனக்குப் பின்னுக்கு ஒண்டும் தெரியேல்லை."

அவர் பெல்ட்டைக் கழற்றி, சீற்றில் முழங்காலிட்டுத் திரும்பி, ஜன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டார். தொப்பி பறந்து போனது. கையால் கதவில் தட்டினார், நூறு தடவை பஸ்ஸில் கேட்ட அதே தட்டு, அதே சிங்களம்.

"ஹரி… ஹரி… வரட்டும், வரட்டும்… வமட்ட, வமட்ட… இடப்பக்கம் அக்கா, இடப்பக்கம்… ஹரி… தவ, தவ, இன்னும் கொஞ்சம்…"

கார் கிறீச்சிட்டுக்கொண்டு பின்னால் போனது. முன்னால் யானை அதே நடையில் வந்துகொண்டிருந்தது. அதன் நெற்றியில் இருந்த மண்கூட எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு நான் யானையையும் பார்க்கவில்லை, பாதையையும் பார்க்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அந்தக் கதவுத் தட்டையே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தட்டு என்றால் போ. வளைவைச் சுற்றி, ஒரு சின்ன மதகைத் தாண்டி, பாதை சற்று அகலமான இடத்துக்கு வந்ததும் ஒற்றைத் தட்டு விழுந்தது.

"ஹோ. ஓரத்துக்கு எடுங்க. போதும்."

அவர் உள்ளே விழுந்து கண்ணாடியை ஏற்றினார். யானை வந்தது. காருக்குப் பக்கத்தில் வந்தபோது வெளிச்சம் மங்கியது. அதன் வயிற்றுக்குள் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. கண்மயிர் நீளமாக, செம்பட்டையாக இருந்தது. ஒரு கணம் நின்று தும்பிக்கையை நீட்டி எங்களை மணந்து பார்த்துவிட்டு, பின்னால் புல்லுக்குள் இறங்கிக் காணாமல் போனது. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அந்தப் புல்லுக்குள் மறைந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பிறகு நான் கேட்டேன், "இதெல்லாம் எங்கை பழகினனீங்கள்?"

"எங்கட அப்பா மட்டக்குளி பஸ்ஸில கொண்டக்டர். பள்ளிக்கூட லீவில என்னையும் ஏத்திட்டுப் போவார். டிப்போவில பஸ் பின்னுக்கு எடுக்கக்குள்ள நான்தான் தட்டுவன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "கல்யாணப் பேச்சுக்கால் நேரம் போக்குவரத்துத் துறை எண்டு சொன்னது அதைத்தான்."

நானும் சும்மா இருக்கவில்லை. "நான் லைசென்ஸ் எடுத்தது நாலாவது தரம். முதல் மூண்டு தரமும் ரிவேர்ஸிலைதான் பெயில்," என்றேன். அதை என் கணவரைத் தவிர எவருக்கும் நான் சொன்னதில்லை. சம்பந்தியம்மா மீண்டும் சிரிக்கத் தொடங்கி, கண்ணீர் வரும்வரை சிரித்தார். தொப்பியை எடுக்க இறங்கவில்லை. அது அங்கேயே கிடந்தது.

விடுதிக்குப் போய்ச் சேர ஐந்து மணி. நேரே குளத்தடிக்குப் போனோம். குளம் என்று சொல்கிறோமே தவிர அக்கரை தெரியவில்லை. நீலமான மலைகள் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி நிற்பதுபோல இருந்தன.

மறுநாள் ஆறு மணிக்குப் படகில் ஏறினோம். படகோட்டி ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். மூன்று மணித்தியாலம் சுற்றினோம். நீர்க்காகங்கள் நிறைந்த பட்ட மரங்களைப் பார்த்தோம். ஒரு முதலையைப் பார்த்தோம். யானை இல்லை. ஒன்பது மணிக்கு மேற்கிலிருந்து கச்சான் காற்றுக் கிளம்பி அலை உயர்ந்ததும் படகைத் திருப்பிவிட்டார். "கூட்டம் வடக்குக் கரையில் நிற்கிறது. நாளைக்குத் தண்ணீரில் இறங்கக்கூடும்," என்று சிங்களத்தில் சொன்னார். எங்களுக்கு நாளை இல்லை. அறை ஓர் இரவுக்குத்தான்.

கரையில் இறங்கியதும் சம்பந்தியம்மா விடுதிப் பக்கம் நடந்தார். நானும் நடந்தேன். விடுதி முகாமையாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றபோதுதான் இரண்டு பேரும் ஒரே காரியத்துக்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்தது. அறை இருந்தது. படகும் இருந்தது.

போன் வேலை செய்தது அணைக்கட்டின் மேல் மட்டும். அங்கே ஏறிக் காற்றில் நின்றுகொண்டு வீட்டுக்கு எடுத்தோம்.

"நாளைக்குத்தான் வருவம்," என்றேன்.

"ஏன், கார் பழுதோ?" என்றார் என் கணவர்.

"கார் நல்லா இருக்கு. யானை வரேல்லை."

"அப்ப எனக்கு மத்தியானச் சாப்பாடு?"

"கீழை கடை இருக்கு," என்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பதிலை நான் சொன்னதில்லை. பக்கத்தில் சம்பந்தியம்மா தன் கணவரிடம், "இல்ல இல்ல, ஒரு வருத்தமும் இல்ல, சும்மா நிக்கிறோம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. அரை மணித்தியாலம் போனதும் படகோட்டி என்ஜினை நிறுத்தினார். கையை மட்டும் நீட்டினார். தூரத்தில் ஒரு மரக்குற்றி மிதப்பதாக நினைத்தேன். குற்றி மூச்சு விட்டது. தண்ணீர் பூப்போலச் சிதறியது. பிறகு அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. தும்பிக்கைகள். தும்பிக்கையின் நுனியும், நெற்றியின் மேடும், சில நேரம் முதுகின் ஒரு துண்டும் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் தண்ணீருக்குள். அவை வரிசையாகத் தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன, அவசரமே இல்லாமல்.

சம்பந்தியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். காப்பு சதையில் அழுந்தியது. நான் கையை எடுக்கவில்லை.

"குட்டி," என்றார். "அங்க பாருங்க அக்கா, நடுவில குட்டி."

இரண்டு பெரியவற்றுக்கு நடுவே ஒரு சின்னத் தும்பிக்கை, தாழ்ந்து தாழ்ந்து மேலே வந்தது. ஒரு தடவை அது முழுவதும் மறைந்தது. உடனே பக்கத்து யானை சற்றுச் சரிந்தது. குட்டி அதன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு வெளியே வந்தது. யானை நீந்துமா என்று கேட்டவள் நான். வாயைத் திறந்தபடி இருந்தேன். வாய் திறந்திருந்தது தெரிந்தும் மூட மனம் வரவில்லை.

முதல் யானை தீவில் கால் ஊன்றியதும் தண்ணீருக்குள்ளிருந்து கறுப்பாக, மினுங்கிக்கொண்டு, ஏறி ஏறி வந்தது. இவ்வளவு உடம்பும் இவ்வளவு நேரம் எங்கே இருந்தது என்று நினைக்கும்படி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றாக ஏறின. ஏறியதும் மணலை அள்ளி முதுகில் வீசின. ஐந்து நிமிடத்தில் கறுப்பெல்லாம் போய்த் தீவின் நிறத்துக்கே மாறிவிட்டன. நான் ஏழு எண்ணினேன். சம்பந்தியம்மா எட்டு என்றார். படகோட்டியைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, எண்ணவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார்.

கரைக்கு வந்ததும் நேரே அணைக்கட்டில் ஏறினோம். மருமகள் வீடியோவில் வந்தாள். முகம் முழுவதும் இளஞ்சிவப்பு மருந்து.

"கண்டீங்களா மாமி?"

நானும் அவருமாக ஒரே நேரத்தில் தொடங்கினோம். நான் தும்பிக்கையில் தொடங்க, அவர் குட்டியில் தொடங்கினார். காற்றில் பாதி பறந்தது. பின்னால் என் மகன், "ஒராளாக் கதையுங்கோ, ஒண்டும் விளங்கேல்லை," என்று கத்தினான். எங்கள் இருவராலும் ஒவ்வொருவராகக் கதைக்க முடியவில்லை. மருமகள் சிரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எனக்கு முதல் நீங்க பாத்திட்டீங்களே," என்றாள்.

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளுடைய அறையில் படுத்தோம், அவளுடைய படகில் போனோம், அவள் பார்க்க வேண்டியதைப் பார்த்தோம். ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும். அந்த நேரம் எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் வரவில்லை. அவளுடைய அம்மாவுக்கும் வரவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"சுகமானதும் நீயும் வா," என்றார் அவர் மகளிடம். "நாங்களே கூட்டிட்டு வாறோம்."